அரை மணி நேரத்தில் படுத்துக்கொண்ட வீடர்

சத்தியமங்கலம் பக்கம் மாமாவுக்கு ரெண்டு ஏக்கர் வாழை. களை எடுக்க ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பாகிப் போனதில் இருந்து ஒரு பவர் வீடர் வைத்திருக்கிறார், மூன்று வருஷம் முன்னால் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. போன ஆவணியில் ஒரு நாள் போன் செய்தார். "மெஷினு இழுக்க மாட்டேங்குது மாப்ள. அரை மணி நேரம் நல்லா ஓடுது, அப்புறம் படுத்துக்குது. ஆற வெச்சா மறுபடி ஓடுது." டவுனில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டியிருக்கிறார். அவர் ஸ்டார்ட்டர் கயிற்றை ரெண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, எதையும் கழற்றாமலே, "போர் போயிருச்சு, ரிங், பிஸ்டன் எல்லாம் மாத்தோணும், ஐயாயிரத்துக்கு மேல ஆகும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். போர் என்றால் பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டர் துளை. மாமாவுக்கு மனசு வரவில்லை. நானும் அந்த வாரம் ஊருக்குப் போக வேண்டியிருந்தது, சரி நான் வந்து பார்க்கிறேன், அதுவரை யாரும் தொட வேண்டாம் என்றேன்.

இன்ஜினைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மேலே 168எஃப் என்று அச்சடித்திருக்கும் வகை. 1 என்றால் ஒரு சிலிண்டர், 68 என்றால் போரின் விட்டம் 68 மி.மீ., எஃப் என்பது காற்றில் குளிர்கிற இன்ஜின் என்பதற்கு சீனாக்காரர்கள் வைத்திருக்கும் குறி. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 45 மி.மீ., மொத்தம் 163 சிசி. ஹோண்டாவின் ஜிஎக்ஸ்160 எப்படியோ கிட்டத்தட்ட அதே அமைப்பு, சிலிண்டர் 25 டிகிரி சாய்ந்து படுத்திருப்பது வரைக்கும். வீடர், தண்ணீர் மோட்டார், ஜெனரேட்டர், கான்கிரீட் வைப்ரேட்டர் என்று எதைத் திருப்பினாலும் இந்தக் குடும்பத்து இன்ஜின்தான் உட்கார்ந்திருக்கும். அதனால் இங்கே சொல்வது வீடருக்கு மட்டும் இல்லை.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் மாமாவிடம் கேட்ட கேள்விகள்தான் பாதி வேலையை முடித்தன. காலையில் எத்தனை இழுப்பில் ஸ்டார்ட் ஆகிறது? ஒன்று, மிஞ்சினால் ரெண்டு. சைலன்சரில் நீலப் புகை வருகிறதா? இல்லை. ஆயில் குறைகிறதா? "அப்பப்போ ஊத்துவேன்." எப்போதிருந்து இப்படி? இந்தப் பருவம் முதல் நாளில் இருந்து. அதற்கு முன்னால் நாலு மாசம் மோட்டார் ரூமில் சும்மா கிடந்திருக்கிறது.

எத்தனை மணி நேரம் ஓடியிருக்கும் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, மீட்டர் கிடையாது. ஆனால் மாமா கூலி எழுதும் நோட்டில் பெட்ரோல் கணக்கும் எழுதி வைத்திருந்தார், அங்கேதான் எனக்கு அதிர்ஷ்டம். டேங்கை விளிம்பு வரை நிரப்பி, கால் மணி நேரம் களை ஓட்டிவிட்டு, நன்றாக ஆறின பிறகு அளந்து ஊற்றிப் பார்த்தேன். கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடித்தது. அப்படியானால் ஒரு மணிக்கு ஒரு லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். நோட்டில் மூன்று வருஷத்துக்கும் கூட்டினால் 280 லிட்டர் சொச்சம், ஆக 280 மணி நேரம். முந்தின ஓனர் ஓட்டியது தனி. இந்த வகை இன்ஜினுக்கு 100 மணிக்கு ஒரு தடவை ஆயில் மாற்ற வேண்டும், புதுசு என்றால் முதல் 20 மணியிலேயே ஒரு தடவை. 300 மணிக்கு வால்வு இடைவெளி, அதாவது வால்வின் வாலுக்கும் அதை அழுத்தித் திறக்கும் ராக்கருக்கும் நடுவில் விடும் சின்ன இடம், பார்க்க வேண்டும். மாமா இத்தனை நாளில் ஆயிலை முழுசாக மாற்றியது ஒரே ஒரு தடவை. வால்வு கவரைத் திறந்ததே இல்லை.

அடுத்து, கோளாறு என் கண் முன்னால் வர வேண்டும். ஆறின மெஷினைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது. ரெண்டு வரிசை வாழைக்கு நடுவே மாமா ஓட்ட, நான் பிளக் ஸ்பேனரும் பழைய துணியுமாகப் பின்னாலேயே நடந்தேன். 25 நிமிஷத்தில் சத்தம் மாறியது. முதலில் லேசாக மிஸ்ஸிங், அப்புறம் கோரை அடர்ந்த இடத்தில் திணறல், கடைசியில் ஒரு பெருமூச்சு மாதிரி விட்டு நின்றுவிட்டது.

நின்ற அந்த ஐந்து நிமிஷம்தான் முக்கியம். சூடானால் நிற்கிற இன்ஜினில் சந்தேகப்பட வேண்டியவை நாலைந்துதான். டேங்க் மூடியில் இருக்கும் காற்றுத் துளை அடைத்திருந்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகி பெட்ரோல் இறங்காது. மூடியைத் திறந்தேன், உஸ் என்ற சத்தம் இல்லை, திறந்து வைத்து இழுத்தும் ஸ்டார்ட் ஆகவில்லை, ஆக அது இல்லை. பிளக்குக்குப் பொறி கொடுக்கும் இக்னிஷன் காயில் சூடேறினால் செத்துப் போகும், ஆறினால் உயிர் வரும், இதுவும் அடிக்கடி நடப்பதுதான். பிளக்கைக் கழற்றி, பிளக் துளைக்கு நேராக இல்லாமல் தள்ளி, பாடியில் வைத்து இழுத்தால் (துளையில் இருந்து பெட்ரோல் ஆவி வரும், அதன் வாயில் பொறி காட்டக் கூடாது) நீலமாக, தடித்த பொறி. காயிலும் இல்லை. பிளக் நுனி நனைந்திருந்தது, ஆக பெட்ரோலும் வருகிறது. பிளக்கை மாட்டிவிட்டு ஒரு தடவை மெதுவாகக் கயிற்றை இழுத்தேன். தண்ணீர் இல்லாத கிணற்றில் வாளியை இழுக்கிற மாதிரி வந்தது. காலையில் இதே கயிறு கையைப் பிடித்து நிறுத்தியது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்த இன்ஜின்களில் வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்டில் ஒரு சின்ன ஏற்பாடு இருக்கிறது, ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் எக்ஸாஸ்ட் வால்வை (புகை வெளியே போகும் வால்வு) கொஞ்சம் தூக்கிப் பிடித்து அழுத்தத்தைக் குறைக்கும், இல்லாவிட்டால் கயிறு இழுக்கிறவன் தோள்பட்டை போய்விடும். அதனால் கயிறு லேசாக வருகிறது என்பதை வைத்து மட்டும் போர் போய்விட்டது என்று சொல்லக் கூடாது. பார்க்க வேண்டியது, அதே மெஷினில் ஆறினபோது எப்படி இருந்தது, சூட்டில் எப்படி இருக்கிறது என்ற வித்தியாசத்தை. ரிங் தேய்ந்திருந்தால் காலையில் ஆறின இன்ஜினும் சண்டித்தனம் பண்ணும், நீலப் புகை விடும். இங்கே ஆறினால் நல்ல கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்), சூட்டில் இல்லை, புகையும் இல்லை. எனக்கு அங்கேயே வால்வு மேல் கண் போய்விட்டது. ஆனால் ஏன் இந்தப் பருவத்தில் திடீரென்று?

முதலில் ஆயில். மாமா ஆயில் பார்க்கும் விதத்தைக் காட்டச் சொன்னேன். வீடரைக் கைப்பிடி தரையில் படும்படி பின்னால் சாய்த்து வைத்து, மூடியைத் திறந்து, குச்சியைத் துடைத்து, திரும்ப திருகி இறுக்கி, எடுத்துப் பார்க்கிறார். ரெண்டு தப்பு. இன்ஜின் மட்டமாக நிற்க வேண்டும், அதோடு குச்சியைத் திருகக் கூடாது, சும்மா உள்ளே விட்டு எடுக்க வேண்டும். இவர் செய்கிற மாதிரி செய்தால் இல்லாத ஆயில் இருப்பதாகக் காட்டும். இன்ஜின் சூடாக இருக்கும்போதே வடித்து அளந்தேன், 600 மில்லி இருக்க வேண்டிய இடத்தில் 350தான் இருந்தது, வண்டி மை மாதிரி. "குறையுது, ஊத்துறேன்" என்று அவர் சொன்னதில் பொய் இல்லை, குச்சி காட்டியபடிதான் ஊற்றியிருக்கிறார்.

இந்த இன்ஜினில் ஆயில் பம்பும் கிடையாது, ஆயில் ஃபில்டரும் கிடையாது. பிஸ்டனைக் கீழே சுற்றும் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் அடியில் கரண்டி மாதிரி ஒரு நீட்டம் இருக்கும், அது ஒவ்வொரு சுற்றுக்கும் ஆயிலில் முங்கி அள்ளி நாலா பக்கமும் வாரி இறைக்கும். நிமிஷத்துக்கு 3600 சுற்று வரை இந்த இறைப்புதான் எல்லாவற்றுக்கும் எண்ணெய். மட்டம் குறைந்து, அதோடு மேடு பள்ளத்தில் மெஷின் சாய்ந்தும் ஓடினால் கரண்டிக்கு அள்ள ஒன்றும் இருக்காது. பைக்கில் ஃபில்டர் இருப்பதால் கொஞ்சம் தள்ளிப் போட்டாலும் மன்னிக்கும், இதில் உலோகத் தூளும் கரியும் எங்கேயும் போகாமல் அதே ஆயிலில் சுற்றிக்கொண்டே இருக்கும். குறைந்த ஆயில் சூட்டையும் கூட்டும், ஏனென்றால் உள்ளே சூட்டைச் சுமப்பதும் அதுதான். மெஷினோடு வரும் குறிப்பேட்டில் 10டபிள்யூ-30 என்றுதான் இருக்கும், நம்ம ஊர் வெயிலுக்கு நான் பைக்குக்குப் போடும் 20டபிள்யூ-40 போடுகிறேன். என் கருத்தில் எந்த ஆயில் என்பதை விட எப்போது மாற்றினோம் என்பதுதான் பேச்சு.

அப்புறம் ஃபேன் கவர். மாமா மூன்று வருஷத்தில் கழற்றாத இன்னொரு இடம். கயிறு சுற்றும் டப்பாவை முதலில் எடுத்துவிட்டு, அதன் பின்னால் இருக்கும் பெரிய தகர மூடியையும் எடுத்தால் ஃப்ளைவீல் தெரியும். அதன் முகத்தில் இருக்கும் சின்னச் சின்ன இறக்கைகள்தான் ஃபேன். கயிற்று டப்பாவின் சல்லடை வழியாகக் காற்றை உறிஞ்சி, இந்தத் தகர மூடி காட்டும் வழியில் சிலிண்டரைச் சுற்றியுள்ள ஃபின்களுக்குள் (சூட்டை வெளியே விடும் மெல்லிய தகடுகள்) தள்ளும். மூடி அழகுக்கு இல்லை, அது இல்லாமல் ஓட்டினால் காற்று நாலா பக்கமும் சிதறி ஃபின்னுக்குப் போகாது. "காத்தாடட்டும்" என்று அதைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், கும்பிடு போட்டுவிட வேண்டியதுதான்.

மூடியை எடுத்ததும் மாமா "அடடே" என்றார். சிலிண்டரின் தலை மூடியான ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவில், எக்ஸாஸ்ட் பக்கம், கட்டை விரல் மொத்தத்தில் ஒரு குளவிக் கூடு. பழுப்பு மண், சுவரில் கட்டுவது மாதிரியே, ஃபின்களுக்குக் குறுக்கே வரிசையாக மூன்று அறை. சூட்டில் ஓடு மாதிரி வெந்து கெட்டியாகியிருந்தது. உடைத்தால் உள்ளே காய்ந்து கருகின சிலந்திகள், குஞ்சுக்கென்று குளவி சேர்த்து வைத்தது. அந்த நாலு மாசம் மோட்டார் ரூமில் மெஷின் சும்மா கிடக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. மிச்ச ஃபின்களில் ஆயில் ஊற்றும்போது சிந்தினது, அதன் மேல் செம்மண் தூசி, அதன் மேல் நொறுங்கின வாழைச் சருகு, எல்லாம் சேர்ந்து அப்பளம் மாதிரி ஒட்டியிருந்தது. விரல் நகம் போகிற இடைவெளியில் முக்கால்வாசி மூடியிருந்தது.

சுத்தம் செய்ய எனக்குத் தெரிந்து ஈர்க்குமாற்று ஈர்க்கை விட நல்ல கருவி கிடையாது. ஃபின் இடுக்கில் சரியாக நுழையும், வளையும், அலுமினியத்தைக் கீறாது. நாலைந்து ஈர்க்கு உடைந்தது, ஒரு மணி நேரம் ஆனது. கம்பியும் ஸ்க்ரூ டிரைவரும் வேண்டாம். சூடாக இருக்கும்போது தண்ணீர் பீய்ச்சுவதும் வேண்டாம்.

இப்போது கை பரபரத்தது, வால்வையும் சேர்த்துப் பார்த்துவிடலாமா என்று. வேண்டாம் என்று நிறுத்தினேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால் மெஷின் ஓடும், ஆனால் எதனால் ஓடுகிறது என்று தெரியாது, அடுத்த பருவம் மறுபடி இதே தலைவலி. ஆயில் மட்டும் விதிவிலக்கு, 350 மில்லியில் ஓட்டிச் சோதனை செய்ய எனக்குத் தைரியம் இல்லை. ஆக புது ஆயிலும் சுத்தமான ஃபின்னும் என்று ரெண்டு மாற்றத்தோடு அன்று சாயங்காலம் ஓட்டினோம். 25 நிமிஷம் தாண்டியது, அரை மணி தாண்டியது, மாமா முகத்தில் சிரிப்பு. 40-ஆவது நிமிஷம் அதே பெருமூச்சு, அதே தொளதொள கயிறு.

எனக்கு அது ஏமாற்றம் இல்லை, உண்மையில் திருப்தி. சூடு குறைந்ததும் கோளாறு தள்ளிப் போயிருக்கிறது, மறையவில்லை. சூடு ஒரு காரணம், சூட்டில் மாட்டிக்கொள்ளும் வேறொன்று இன்னும் உள்ளே இருக்கிறது.

மறுநாள் விடியக்காலை, ராத்திரி முழுக்க ஆறின இன்ஜினில், வால்வு கவரைத் திறந்தேன். நாலு போல்ட். வால்வு இடைவெளியை எப்போதும் ஆறின நிலையில்தான் பார்க்க வேண்டும், பிஸ்டன் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் இருக்க வேண்டும். பிளக்கைக் கழற்றிவிட்டு துளையில் கட்டை விரலை வைத்துக்கொண்டு மெதுவாகச் சுற்றினால் காற்று விரலைத் தள்ளும், அந்தச் சுற்றில் பிஸ்டன் மேலே வந்து நிற்கும் இடம்தான் அது. எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கிலும் பிஸ்டன் மேலே வரும், அதில் ஏமாந்தால் அளவு எல்லாம் தப்பு. இன்டேக்குக்கு (பெட்ரோலும் காற்றும் உள்ளே வரும் வால்வு) 0.15 மி.மீ., எக்ஸாஸ்ட்டுக்கு 0.20 மி.மீ., ரெண்டிலும் 0.02 முன்னே பின்னே இருக்கலாம்.

இடைவெளி அளக்க ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய தகடுகளின் கட்டு உண்டு. இன்டேக்கில் அதன் 0.10 தகடு இறுக்கமாகப் போனது. எக்ஸாஸ்ட்டில் ஃபீலர் கேஜில் இருந்ததிலேயே மெல்லிசான 0.05 தகடு நுழையவே இல்லை. ராக்கரைக் கையால் ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. நல்ல இடைவெளி இருந்தால் லேசாக டிக் டிக் என்று ஆடும்.

பலர் நினைப்பது, ஓட ஓட எல்லாம் தேய்ந்து இடைவெளி கூடும், கூடினால் டேப்பெட் சத்தம் கேட்கும், சத்தம் இல்லை என்றால் சரியாக இருக்கிறது என்று. எக்ஸாஸ்ட் வால்வில் பெரும்பாலும் நேர்மாறு. வால்வு தன் இருக்கையில் அடித்து அடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே பதியும், பதியப் பதிய அதன் வால் ராக்கர் பக்கம் நீளும், இடைவெளி சத்தமே இல்லாமல் சுருங்கும். அதோடு எரிந்த வாயு முழுக்க அந்த வால்வைத் தாண்டித்தான் வெளியே போகிறது, சூட்டில் தண்டு இன்னும் நீளும். விட்ட இடைவெளியே அந்த நீட்சிக்காகத்தான். இங்கே ஆறின நிலையிலேயே ஒன்றும் மிச்சம் இல்லை. ஃபின் சுத்தமாக இருந்த காலத்தில் எப்படியோ ஒப்பேற்றிக்கொண்டு ஓடியிருக்கிறது, எக்ஸாஸ்ட் பக்கமே குளவி வீடு கட்டினதும் தண்டு நீண்டு வால்வு மூட முடியாமல் நின்று கம்ப்ரஷன் போயிருக்கிறது. ஆறினதும் மூடிக்கொள்கிறது. மெக்கானிக் கயிற்றை இழுத்தது மெஷின் டெம்போவில் சூடாக வந்து இறங்கின கையோடு, மாமா அதைத் தோட்டத்தில் ஓட்டி நின்ற உடனே ஏற்றியிருக்கிறார். அவர் கைக்கு வந்த கயிறு நிஜமாகவே தொளதொளவென்றுதான் இருந்திருக்கும்.

சரி செய்வது பத்து நிமிஷ வேலை. லாக் நட்டைத் தளர்த்தி, தகடு லேசாகப் பிடித்துப் பிடித்துப் போகும்படி வைத்து, லாக் நட்டை இறுக்கி, இறுக்கின பிறகு மறுபடி அளக்க வேண்டும், ஏனென்றால் இறுக்கும்போது அது நகரும். எனக்கு மூன்று தடவை நகர்ந்தது. அப்புறம் கையால் ரெண்டு சுற்று சுற்றிவிட்டு இன்னொரு தடவை.

அன்று வெயில் ஏறின பிறகு ஓட்டினோம். ரெண்டு மணி நேரம். நிறுத்தி, சூட்டோடு சூடாகக் கயிற்றை இழுத்தேன், ரெண்டாவது இழுப்பில் பிடித்தது. (நடுவில் மாமா சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தார், இடுப்பில் பீடிக் கட்டு வேறு. அன்று எங்களுக்குள் நடந்த ஒரே சண்டை அதுதான்.)

மிச்சம் எல்லாம் சில்லறை வேலை. பிளக் இன்சுலேட்டர் வெளுத்துச் சுண்ணாம்பு மாதிரி இருந்தது, அது மிதமிஞ்சின சூட்டின் அடையாளம், இடைவெளி 0.7-0.8 மி.மீ. இருக்க வேண்டியது 1 மி.மீ. தொட்டிருந்தது. புதுசு போட்டோம், ஹெட் அலுமினியம் என்பதால் முதலில் கையாலேயே முழுக்கத் திருகி, உட்கார்ந்த பிறகு ஸ்பேனரில் அரைச் சுற்று. கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழற்றினால் அடியில் கொஞ்சம் தண்ணீரும் வெள்ளையாகப் பூத்ததும் இருந்தது. இப்போது பங்க்கில் வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால், ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், நாலு மாசம் டேங்கிலேயே விட்டால் இப்படித்தான். பருவம் முடிந்ததும் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டுத் தானாக நிற்கும் வரை ஓடவிட்டு, டேங்கையும் கிண்ணத்தையும் வடித்துவிட வேண்டும்.

ஏர் ஃபில்டர் மட்டும் கொஞ்சம் வயிற்றைக் கலக்கியது. வெளியே ஸ்பாஞ்ச், உள்ளே பேப்பர் என்று ரெட்டை ஃபில்டர். திறந்தால் ஸ்பாஞ்ச் மட்டும். பேப்பர் எங்கே என்றால், "அது அடைச்சுக்கிட்டு இழுக்கல, அதான் எடுத்து வெச்சுட்டேன்," மோட்டார் ரூம் ஜன்னலில் பத்திரமாக இருந்தது. கார்புரேட்டர் வாயில் விரலை விட்டுத் துடைத்தால் நறநறவென்று செம்மண். ஒரு பருவம் இப்படி ஓடியிருக்கிறது, ஆக போர் கொஞ்சமாவது தேய்ந்திருக்கும், அந்த அளவில் மெக்கானிக் சொன்னது முழுக்கத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். இன்னும் ரெண்டு மூன்று வருஷத்தில் அந்த ரிங் வேலை வரத்தான் போகிறது. பேப்பரைத் தண்ணீரிலோ பெட்ரோலிலோ கழுவக் கூடாது, உள்ளிருந்து வெளியே மெதுவாகக் காற்றடிக்கலாம், தேறாவிட்டால் புதுசு. ஸ்பாஞ்சை சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்து, இன்ஜின் ஆயிலில் முக்கி, ஒட்டப் பிழிந்து மாட்ட வேண்டும், அந்த ஆயில்தான் தூசியைப் பிடிப்பது. 50 மணிக்கு ஒரு தடவை என்று சொல்வார்கள், செம்மண்ணில் புழுதி பறக்க ஓட்டினால் தினமும் சாயங்காலம் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பது நல்லது.

ஆயில், பிளக், பேப்பர் ஃபில்டர், வால்வு கவர் கேஸ்கெட் எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. நோட்டில் பெட்ரோல் கணக்குப் பக்கத்திலேயே இப்போது இன்னொரு கோடு போட்டிருக்கிறோம், 50 லிட்டர் சேர்ந்தால் ஆயில், 150 சேர்ந்தால் ஃபேன் கவரும் வால்வும். சொன்ன கணக்கை விடப் பாதி, தூசிக்காகவும் மாமாவுக்காகவும்.

தை மாசம் போயிருந்தபோது மெஷினை ஒரு யூரியா சாக்குக்குள் போட்டுக் கட்டி வைத்திருந்தார். குளவி வராமல் இருக்கத்தான், ஆனால் மறந்துபோய் சாக்கோடு ஸ்டார்ட் பண்ணிவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். "அதுக்குத்தான் மாப்ள," என்று காட்டினார். சாக்கின் வாயைக் கட்டின கயிறும் ஸ்டார்ட்டர் கயிற்றுப் பிடியும் ஒரே முடிச்சில் இருந்தன.